பழைய அமெரிக்கப் பெரிய சென்ட்: தேய்மானத்தையும் மேற்பரப்பையும் தனித்தனியே தரம் பார்ப்பது

ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலை 1793 முதல் 1857 வரை, 1815ஆம் ஆண்டு ஒன்றைத் தவிர, ஆண்டுதோறும் வெளியிட்ட பெரிய செப்பு சென்ட் காசுகளைத் தரம் பார்க்கும்போது நாம் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு: உருவம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, செம்பின் மேற்பரப்பு எந்த நிலையில் இருக்கிறது. இரண்டையும் கலந்து ஒரே பார்வையில் முடிவு செய்ததால், 1798ஆம் ஆண்டுக் காசு ஒன்றுக்கு அதன் தகுதியைப் போல இரு மடங்குக்கு மேல் விலை கொடுத்துவிட்டேன். அந்தப் பிழை நேர்ந்த இடம் கீழே வரும் நான்காம் படி என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்தக் காசில் தொடங்குவது

1793ஆம் ஆண்டின் சங்கிலி வகைக் காசு மொத்தம் 36,103 மட்டுமே அச்சடிக்கப்பட்டது. 1799, 1804 ஆகிய ஆண்டுக் காசுகளும் மிக அரியவை. இம்மூன்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ராபர்ட் ஸ்காட் வடித்த, 1796 முதல் 1807 வரை வந்த ‘டிரேப்டு பஸ்ட்’ (ஆடை போர்த்திய மார்பளவுப் பெண் உருவம்) வகையே தொடக்கத்துக்கு ஏற்றது. அதிலும் 1802ஆம் ஆண்டுக்கு 34 லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் அச்சடிக்கப்பட்டதாகக் கணக்கு இருப்பதால், அவசரமின்றித் தேடி நல்லதாக ஒன்றை வாங்க முடியும்.

இரண்டாம் படி: எடையும் விளிம்பும்

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். தொடக்கத்தில் சென்டின் எடை 208 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 13.48 கிராம். செம்பின் விலை ஏறியதால் 1795இன் இறுதியில் அது 168 கிரெய்னாக, 10.89 கிராமாகக் குறைக்கப்பட்டது. தேய்ந்த காசு சற்றுக் குறைவாக நிற்பது இயல்பு; கணிசமாகக் கூடுதலாக நின்றால் ஐயப்பட வேண்டும். பிறகு விளிம்பை ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள். மின்முலாம் முறையில் செய்த போலிகள் இரண்டு மெல்லிய செப்பு ஓடுகளுக்கு நடுவே ஈயக் கலவை நிரப்பி ஒட்டப்பட்டவை என்பதால், அந்த ஒட்டு விளிம்பில் கோடாகத் தெரியும்.

மூன்றாம் படி: தேய்மானம்

1 (மிகத் தேய்ந்தது) முதல் 70 (குறையற்றது) வரை எண்ணிடும் தர அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் இந்தப் பெரிய சென்டுகளுக்காகவே வகுத்தார். பிற காசுகளுக்கு அது பின்னர்தான் பரவியது. டிரேப்டு பஸ்ட் காசில் ஆண்டும் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் படிக்க முடிந்து, உருவம் தட்டையாகிவிட்டிருந்தால் அது 4. மார்பின் மீதுள்ள ஆடை மடிப்பு ஓரளவு தெரிந்தால் 8. நெற்றிக்கு மேலுள்ள கூந்தல் வழவழப்பாகி, பிற இடங்களில் இழைகள் தெரிந்தால் 12. நெற்றிக்கு மேலும் இழைகள் பிரிந்து தெரியத் தொடங்கினால் 20. அங்கே எல்லா இழைகளும் தெளிவாக இருந்தால் 40.

இதற்கு 7 மடங்கு பெருக்கும் லென்ஸே போதும் என்பது என் உறுதியான கருத்து. 10 மடங்கு லென்ஸில் பார்வைப் பரப்பு குறுகுவதால், காசின் முழுத் தோற்றத்தையும் விட்டுவிட்டு ஒரு மூலையைப் பார்த்துத் தரம் சொல்லிவிடுகிறோம்.

நான்காம் படி: மேற்பரப்பு

நான் வாங்கிய 1798 காசில் கூந்தல் இழைகள் நன்றாகத் தெரிந்தன; தேய்மானத்தை மட்டும் கணக்கிட்டால் 25 என்று சொல்லலாம், அதற்குரிய விலையைத்தான் கொடுத்தேன். நெடுங்காலமாகச் செப்புக் காசுகளைச் சேர்த்துவரும் ஒருவரிடம் அதைக் காட்டியபோது, அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. மேசை விளக்கின் கீழ் காசைப் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துத் திருப்பிவிட்டு, “இதன் தரம் 10” என்றார். நான் காசை எப்போதும் நேராகவே பிடித்துப் பார்த்திருந்தேன். சாய்வான ஒளியில்தான் பரப்பு முழுவதும் ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள் இருப்பதைக் கண்டேன். மண்ணில் கிடந்து அரித்த காசை யாரோ துலக்கி, பிறகு செயற்கையாக நிறமேற்றியிருக்கிறார்கள். மேடான இடங்களிலும் பள்ளங்களிலும் நிறம் சற்றும் மாறாமல் ஒரே சீராக இருந்தது அதற்கு அடையாளம். இயல்பாகப் பழுப்பேறிய செம்பில் இவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய நிற வேறுபாடு இருக்கும். பரப்பும் ஒளியில் ஒரு மெருகுடன் மிளிரும்.

1967இல் தொடங்கப்பட்ட ‘எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ என்னும் செப்புக் காசு சேகரிப்பாளர் அமைப்பினர் பின்பற்றும் முறை இதற்காகவே அமைந்தது. முதலில் தேய்மானத்துக்கு ஓர் எண். பிறகு அரிப்பு, கீறல், விளிம்பில் பட்ட அடி, செயற்கை நிறம் ஆகியவற்றுக்காக அதிலிருந்து கழித்து நிகரத் தரம். என் காசில் 25 என்பது 10 ஆனது இவ்வாறுதான். இரண்டு எண்களையும் உறையின் மீது தனித்தனியே எழுதி வையுங்கள். காசைத் தரம் பார்த்துப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தரும் வணிகத் தரநிர்ணய நிறுவனங்கள் அந்தப் பெட்டிகளில் குறிக்கும் எண் பெரும்பாலும் இந்த நிகரத் தரத்தைவிட உயர்வாக இருக்கும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து இந்த முறையின் விலைப்பட்டியலைப் புரட்டக் கூடாது.

ஐந்தாம் படி: துலக்காமல் காப்பது

செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். அமிலம் பட்ட செம்பு இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பாகும்; இருநூறு ஆண்டுப் பழுப்பு திரும்பி வராது. எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் நீங்க, சைலீன் கரைப்பானில் சிறிது நேரம் ஊறவைத்து, ஒட்டக முடித் தூரிகையால் மென்மையாகத் தடவினால் போதும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து செய்யுங்கள். பச்சைக் களிம்புப் புள்ளி இருந்தால், ஊறிய பிறகு மரப் பல்குச்சியின் நுனியால் மட்டும் தொடலாம். காசைப் பருத்தி உறையிலிட்டுக் காகித உறைக்குள் வையுங்கள். மென்மையான பிவிசி உறைகள் காலப்போக்கில் செம்பின் மீது பச்சைப் பிசினை விடுபவை. அவற்றை நான் வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை.

பின்சேர்க்கை

1804ஆம் ஆண்டுக் காசு ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மையான 1804 காசில், ஆண்டிலுள்ள சுழியத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்தில் ‘ஆஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான வட்டம் இருக்கும். வேறு ஆண்டுக் காசில் இலக்கத்தைச் செதுக்கி மாற்றியவை பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே சிக்கிவிடும். இன்னொன்றும் உண்டு: நாணயச் சாலை கழித்துவிட்ட பழைய அச்சுகளைக் கொண்டு, பிற்காலத்தில் வெளியார் அடித்த 1804 காசு. அதன் முகப்பு திருத்தப்பட்ட 1803 அச்சு. பின்புறமோ 1820 அச்சு. டிரேப்டு பஸ்ட் காசின் பின்புறத்து இலை மாலைக்குக் கீழே இருக்க வேண்டிய 1/100 என்ற பின்னம் அதில் இருக்காது.