ஸ்பைவேர் பிடிக்கும் மென்பொருள்களை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் இருக்கிறது. அதை ஆள்பவர் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்). மொய்க் கணக்கு, கோயிலின் புள்ளிக் (குடும்பங்களின்) கணக்கு, உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழ் எல்லாம் அதில்தான். சென்ற சித்திரையில், பழைய எழுத்துருவில் இருந்த ஓர் அழைப்பிதழை யூனிகோடுக்கு மாற்றுவதற்காக, இணையத்தில் கிடைத்த ஓர் இலவச மாற்றியை இறக்கி நிறுவிவிட்டார். மாற்றி ஒழுங்காக வேலை செய்தது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவையும் ஒழுங்காக வேலை செய்தன. தேடல் பக்கம் மாறியது, எதைத் தேடினாலும் விளம்பரம் வந்தது, திரையின் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்” என்று மணிக்கு நான்கு முறை அறிவிப்பு வந்தது.

இப்படி ஒட்டிக்கொண்டு வரும் வேவு மென்பொருளான ஸ்பைவேரை எடுக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவற்றில் ஐந்தை நானே போட்டுப் பார்த்தேன். முதல் முறை முட்டாள்தனமாகச் செய்தேன். முதல் மென்பொருள் கண்டுபிடித்ததையெல்லாம் உடனே அழித்துவிட்டு இரண்டாவதை ஓட்டினால், அதற்குக் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கும்? “இரண்டாவது ஒன்றுக்கும் உதவாது” என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். நல்ல வேளையாக அது அவற்றை முழுதாக அழிக்காமல் குவாரன்டைனில், அதாவது தனி அறையில், பூட்டி வைத்திருந்தது; மீட்டெடுக்க முடிந்தது. அதனால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீங்கள் என்னைப் போல இரட்டை வேலை பார்க்க வேண்டாம்.

முதலில் அந்த மூலை அறிவிப்புகள். பாதிப் பேரின் ‘வைரஸ்’ இதுதான். ஏதோ ஒரு தளத்தில் ‘அனுமதி’ என்பதைச் சொடுக்கியிருப்பீர்கள். அது பிரவுசர் வழியாக அனுப்பும் விளம்பரம்தான். குரோம் அமைப்புகளில் தள அமைப்புகளுக்குப் போய், அறிவிப்புகள் என்பதைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்குங்கள். அப்பச்சியின் பட்டியலில் பதினொரு தளங்கள் இருந்தன. நீக்கியதும் மூலை அமைதியானது. மற்றவை அப்படியே இருந்தன.

வேலை முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிப் பக்கம் திறக்காதீர்கள். முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை எப்படிச் செய்வது என்று நான் விளக்கப்போவதில்லை.

அடுத்து, மென்பொருள்களை இறக்குவது. நான் எடுத்தவை மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, அட்வ்கிளீனர், சூப்பர் ஆன்ட்டி ஸ்பைவேர், ஸ்பைபாட் ஆகிய நான்கு. ஐந்தாவது விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். பிரவுசிங் சென்டர் காலத்தில் ஸ்பைஷெரிஃப், வின்ஃபிக்ஸர் என்று ஸ்பைவேர் நீக்கும் வேடத்தில் வந்தவையே பெரிய தொல்லையாக இருந்தன. அந்த வேடம் இன்னும் கலையவில்லை. (அப்போது டிஃபெண்டரை யாரும் மதித்ததில்லை. அது மைக்ரோசாஃப்ட் சொந்தமாக எழுதியதும் அல்ல. 2004 டிசம்பரில் ஜெயன்ட் என்ற நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த மென்பொருளின் வாரிசு. விண்டோஸ் 7 வரை அது ஸ்பைவேரை மட்டும் பார்த்தது. விண்டோஸ் 8இல்தான் முழு ஆன்டிவைரஸ் ஆனது.)

எங்கள் வீட்டில் இறக்குவதே பெரும்பாடு. ரூட்டர் முகப்பில் இருக்கிறது. நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி வைஃபை இரண்டாங்கட்டுக்கு வந்து சேரும்போது மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு மென்பொருளும் நிறுவியதும் ஸ்பைவேர்களின் புதிய அடையாளப் பட்டியலை இறக்கும். அது முடியாமல் ஸ்கேன் செய்தால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. நான் கைப்பேசி இணையத்தை இணைத்துத்தான் முடித்தேன்.

நிறுவும்போது ஒரு கவனம். மால்வேர்பைட்ஸ் 14 நாள் கட்டணப் பதிப்பைச் சோதனைக்குத் தரும். அது ஓடும்போது முதன்மைக் காவலாகத் தன்னைப் பதிந்துகொண்டால் டிஃபெண்டர் ஒதுங்கிவிடும். சோதனைப் பதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எப்போதும் விழித்திருக்கும் காவல் ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒன்றின் கோப்பை மற்றொன்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டர் நத்தையாகிவிடும்.

காவல் விழித்திருக்கிறதா என்று பார்க்க எய்கார் சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள். தீங்கு எதுவும் செய்யாது. ஆன்டிவைரஸ்கள் அதைக் கண்டதும் கத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அதைச் சேமித்த கணமே டிஃபெண்டர் பிடித்தது. இதை வைத்து எது சிறந்தது என்று முடிவு செய்யாதீர்கள். இது அழைப்புமணி அடிக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது போலத்தான். சோதிப்பதற்காக உண்மையான ஸ்பைவேரைத் தேடி இறக்கும் வீரமும் வேண்டாம்.

இப்போது முக்கியமான படி. ஒவ்வொன்றிலும் ஸ்கேன் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் ‘குவாரன்டைன்’ பொத்தானை அழுத்தாமல் அறிக்கையைச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். அட்வ்கிளீனரின் அறிக்கை சி டிரைவில் அதன் பெயரிலுள்ள ஃபோல்டரில் தானாகவே இருக்கும். டிஃபெண்டரைக் கடைசியில் ஓட்டுங்கள். மற்றவை போல அது உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்காது. ஆபத்து என்று கருதுவதைத் தானே தூக்கிவிடும்.

அறிக்கைகளை ஒப்பிட அப்பச்சி ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்து, அடிக்கோல் வைத்துப் பத்தி பிரித்தார். ஐந்து பத்திகள். எண்ணிக்கையை மட்டும் எழுதியபோது சூப்பர் ஆன்ட்டி ஸ்பைவேர் 214, மால்வேர்பைட்ஸ் 17, அட்வ்கிளீனர் 9, ஸ்பைபாட் 6, டிஃபெண்டர் சுழியம். வென்றது யார் என்பதில் அப்பச்சிக்குச் சந்தேகமே இல்லை. பிறகு பிரித்துப் பார்த்தோம். அந்த 214இல் 209 விளம்பரக் குக்கிகள், அதாவது தளங்கள் பிரவுசரில் விட்டுப்போகும் சிறு குறிப்புகள். பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடுகிறவை. நாளை செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால் திரும்ப வருகிறவை. அவற்றைக் கழித்தால் ஐந்து. மால்வேர்பைட்ஸின் 17இல் 12, ஒரே ஸ்பைவேர் ஆசாமி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புக் குறிப்பேட்டில்) விட்டுப்போன கால்தடங்கள்.

பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே கோப்பை ஒரு மென்பொருள் ‘பியுபி’ (வேண்டாத செயலி) என்றும், இன்னொன்று ‘ஆட்வேர்’ (விளம்பர மென்பொருள்) என்றும் எழுதும். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியை எழுதுங்கள். முகவரி ஒன்றானால் ஆள் ஒன்று. அப்படி எழுதியபோது எங்கள் பேரேட்டில் உண்மையான ஆட்கள் நான்கு பேர்தான். மால்வேர்பைட்ஸ் நால்வரையும் பிடித்தது, அட்வ்கிளீனர் மூவரை, மற்ற இரண்டும் ஆளுக்கு இருவரை.

டிஃபெண்டருக்கு ஏன் சுழியம்? விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ போய், ‘ரெபுடேஷன்’ அமைப்புகளில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் பொத்தானைப் பாருங்கள். எங்களிடம் அது அணைந்திருந்தது. போட்டுவிட்டு மறுபடி ஸ்கேன் செய்ததும் இருவரைப் பிடித்தது. இந்த ஒரு பொத்தானுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

அழிப்பதற்கு முன் பட்டியலை ஒருமுறை படியுங்கள். ஸ்பைபாட் காட்டிய ஆறில் ஒன்று அப்பச்சியின் பழைய தமிழ்த் தட்டச்சுக் கருவி. விசைகளை இடைமறித்து எழுத்தை மாற்றுவதுதான் அதன் வேலை. விசைகளைத் திருடும் மென்பொருளும் இடைமறிக்கத்தானே செய்யும், அதனால் வந்த சந்தேகம். இப்படிப்பட்டவற்றை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல பத்து ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் பெரும்பாலும் வீண் பழி. சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றக் கூடாது.

பிறகு குவாரன்டைன், மறுதொடக்கம், மறு ஸ்கேன். சுத்தம். பேரேட்டை மூடினோம்.

மறுநாள் காலையில் தேடல் பக்கம் மறுபடி மாறியிருந்தது.

மூன்று நாள் இதிலேயே போனது. அத்தியாவசியமானவற்றை மட்டும் ஓட்டும் சேஃப் மோடில் ஸ்கேன் செய்தேன், தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான டாஸ்க் ஷெட்யூலரில் தேடினேன், ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து ஆச்சி (என் அக்கா) பேசும்போது, அவள் மடிக்கணினியிலும் அதே தேடல் பக்கம் வருவதாகச் சொன்ன பிறகுதான் பொறி தட்டியது. அந்த மடிக்கணினியின் குரோமில் அப்பச்சியின் கணக்கு பல நாளாகத் திறந்தே கிடந்தது. ஸ்கேனர் அழிப்பது நம் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பை. தேடல் பக்கத்தை மாற்றியது ஒரு நீட்டிப்பு, அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மென்பொருள். ஒரே கணக்கு திறந்திருக்கும் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றுபோல வைப்பது ஒத்திசைவு; அதன் பட்டியலில் அந்த நீட்டிப்பின் பெயர் அப்படியே இருக்கிறது. குரோம் பார்க்கிறது, ஒன்று குறைகிறதே என்று நல்லெண்ணத்தோடு திரும்ப இறக்கிவிடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். புக்மார்க்குகளை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சேமித்த கடவுச்சொற்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள், இந்தப் படியில் அவையும் போய்விடலாம். அந்தக் கணக்கு திறந்திருக்கும் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒத்திசைவை நிறுத்துங்கள். கூகுள் கணக்கின் குரோம் ஒத்திசைவுப் பக்கத்தில் சேமித்த தரவை நீக்குங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நீட்டிப்பை எடுத்து, ஸ்கேன் செய்யுங்கள். எல்லாம் சுத்தமான பிறகே ஒத்திசைவைத் திரும்பப் போடுங்கள். கடவுச்சொற்களைச் சுத்தமான கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பவை டிஃபெண்டர், அந்தப் பொத்தான் போட்டபடி. மாதம் ஒருமுறை ஓட்ட மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு. அட்வ்கிளீனரை நிறுவத் தேவையில்லை, பென்டிரைவில் கிடக்கட்டும். மற்ற இரண்டையும் நீக்கிவிட்டேன். ஸ்பைபாடில் ‘இம்யூனைஸ்’ (கெட்ட தளங்களை முன்கூட்டியே தடுப்பது) செய்திருந்தால், அதை முதலில் திரும்பப் பெற்றுவிட்டு மென்பொருளை நீக்குங்கள். இல்லாவிட்டால், தளங்களின் முகவரிகளைக் குறிக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அது எழுதிய வரிகள் அங்கேயே கிடக்கும்.

பின்னர் சேர்த்தது: ஸ்பைவேர் நீக்கும் தளம் எதுவுமே திறக்கவில்லை என்று தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் ‘பிராக்சி’ (இணையத்துக்கு இடையில் நிற்கும் இடைத்தரகர்) போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போடாததென்றால் அணையுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

இன்னொன்றும் சேர்க்கிறேன்: டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தார்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால் ஒளிந்திருப்பவற்றுக்கு நல்லது. சுமார் 15 நிமிடம் பிடிக்கும். மின்வாரியம் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். நான் தொடங்கினேன். யுபிஎஸ் கூவக் கூவ, அப்பச்சி பேரேட்டை வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.