ரிட்ஜ்பேக் குட்டி வாங்க முன்னம் இதைப் பாருங்கள்

திருகோணமலைப் பக்கம் ரொடீசியன் ரிட்ஜ்பேக் நாய்க்குட்டி தேடுகிறவர்களுக்குத்தான் இது. நடுமுதுகில் மயிர் எதிர்ப்பக்கமாக வளர்ந்து கோடாக நிற்கும், அதுதான் அடையாளம். ஆபிரிக்காவின் தெற்கில் சிங்க வேட்டைக்கு வளர்த்த இனம். சிங்கத்தைக் கொல்ல இல்லை, வேட்டைக்காரர் வரும்வரை மறித்து வைக்க. ஆண் நாய் 63 முதல் 69 செ.மீ. உயரம் வரும். வீட்டுக்குள் சரியான சோம்பேறி, ஆனால் ஓடுகிற எதையாவது கண்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. அதனால் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் மான்கள் மேய்கிற இடத்தில், கழுத்துப்பட்டிக் கயிற்றை விடவே வேண்டாம். உப்புவெளிக் கடற்கரைக்கு வெள்ளென கூட்டிப்போங்கள், வெயில் ஏறினால் மணல் பாதத்தைச் சுட்டுவிடும்.

அடித்துப் பழக்க நினைக்காதீர்கள். பிடிவாதமும் ரோசமும் உள்ள நாய், அடி வாங்கினால் ஒதுங்கிவிடும். இறைச்சித் துண்டைக் காட்டிக் குட்டியிலேயே தொடங்குங்கள். அந்நியரிடம் லேசில் ஒட்டாது.

அப்புறம், காசு கொடுக்க முன்னம் குட்டியின் பிடரியிலிருந்து வால்வரை தோலை மெல்லத் தூக்கித் தடவிப் பாருங்கள். அடியில் நூல் போல ஏதாவது தட்டுப்பட்டால் டெர்மொய்ட் சைனஸாக இருக்கலாம், அதாவது தோலிலிருந்து உள்ளே இறங்குகிற குழாய், இந்த இனத்தில் பிறவியிலேயே வருகிற குறை, மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.