தோண்டிய மண்ணையும் இடிபாட்டையும் சட்டப்படி மீண்டும் பயன்படுத்துவது எப்படி?

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது வெளிவரும் மண்ணும், பழைய கட்டடத்தை இடித்தால் குவியும் செங்கல், கான்கிரீட் துண்டுகளும் குப்பை அல்ல. பள்ளம் நிரப்ப, தரையை உயர்த்த, பாதைக்கு அடித்தளம் போட இவை நன்றாகப் பயன்படும். ஆனால் ஒரே மண் ஓர் இடத்தில் சட்டப்படி பொருளாகவும் இன்னோர் இடத்தில் கழிவாகவும் கருதப்படலாம். மண்ணின் தரம் மட்டும் அதை முடிவு செய்வதில்லை. அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறதா என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஆகவே முதல் கூடை மண் வெளியே வருவதற்கு முன்பே அதன் போக்கிடம் உறுதியாகியிருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று தோன்றினால் இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள். 2015 டிசம்பர் 20 அன்று சீனாவின் ஷென்சென் நகரில், கட்டுமான மண்ணும் இடிபாடுகளும் மலைபோல் கொட்டப்பட்டிருந்த மேடு சரிந்து ஒரு தொழிற்பேட்டையைப் புதைத்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 ஜூலையில் ஜப்பானின் அதாமி நகரில், மேட்டில் முறையின்றிக் குவித்திருந்த மண் கனமழையில் சேறாகப் பாய்ந்து வீடுகளை அடித்துச் சென்றது. அதன் பிறகே ஜப்பான் மண் நிரப்புதலுக்கு நாடு தழுவிய கடும் சட்டம் கொண்டுவந்தது. அது 2023இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு இடங்களிலும் மக்களைக் கொன்றது, யாரோ எங்கிருந்தோ தோண்டி அப்புறப்படுத்திய மண்.

படி 1: சட்டம் கேட்கும் கேள்விகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் அவற்றின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசுபடாத மண்ணைத் தோண்டிய அதே இடத்தில், இயற்கையான நிலையிலேயே, கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவது உறுதி என்றால் அது கழிவுச் சட்டத்துக்குள் வராது. இந்த வரியில் 'மாசுபடாத', 'அதே இடம்', 'உறுதி' ஆகிய மூன்று சொற்களே முக்கியம். ஒன்று விலகினாலும் கதை மாறிவிடும். தோண்டிய மண்ணை மீண்டும் பயன்படுத்த இங்கிலாந்தில் பின்பற்றப்படும் நடைமுறைக் கோவையும் இதே வழியில்தான் செல்கிறது: உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடில்லை, அந்த வேலைக்குப் பொருத்தமானது, பயன்பாடு உறுதி, அளவு உறுதி என்று நீங்கள் காட்ட வேண்டும்.

உங்கள் பகுதியில் இதற்குப் பொறுப்பான சுற்றுச்சூழல் அலுவலகத்திடமும் கட்டட அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்பிடமும் இதே கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். கூடவே, மண்ணை வெளியே எடுத்துச் செல்லக் கனிம அனுமதி தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில், நிரப்பவும் சமன்படுத்தவும் பயன்படும் சாதாரண மண்ணும் சிறுகனிமமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

படி 2: நிலத்தின் பழைய கதையை விசாரியுங்கள்

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன் பழைய வரைபடங்கள், பத்திரங்கள், பக்கத்தில் நெடுநாளாக வசிப்பவர்கள் ஆகியோரிடமிருந்து தகவல் திரட்டுங்கள். அங்கே பெட்ரோல் பங்க், வண்டிப் பட்டறை, தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, குப்பைமேடு எதுவும் இருந்ததா? எதைத் தேடிச் சோதிப்பது என்பதை இதுவே சொல்லும். தோல் பதனிட்ட இடத்தில் குரோமியத்தைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் எண்ணெய்ச் சேர்மங்களைப் பார்க்க வேண்டும். பொதுவாக ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், சல்பேட், கார அமிலத்தன்மை ஆகியவையும் பட்டியலில் இருக்கும்.

மாதிரியை ஒரே மூலையில் எடுக்காமல் வெவ்வேறு இடங்களிலும் வெவ்வேறு ஆழங்களிலும் எடுங்கள். எடுத்த இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். ஓரிடத்தில் மாசு தெரிந்தால் நல்ல மண்ணோடு கலந்து அளவைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். பல நாடுகளில் அது நேரடியான குற்றம். அதைவிட, ஒரு லோடு கெட்ட மண் பத்து லோடு கெட்ட மண்ணாகிவிடும்.

படி 3: இடிக்கும் முன் பிரியுங்கள்

இடித்த பிறகு பிரிக்கலாம் என்று நினைத்தால் பிரிக்கவே முடியாது. முதலில் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து ஆபத்தானவற்றைக் கணக்கெடுங்கள்: ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள், பழைய குழாய்க் காப்புறைகள், ஈயப் பெயின்ட் அடித்த மரம், பாதரசம் உள்ள குழல் விளக்குகள். ஆஸ்பெஸ்டாஸை உடைக்கவோ அரைக்கவோ கூடாது; அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படுகின்றன. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்றுங்கள்.

அடுத்து ஜிப்சம் பலகைகளைத் தனியாக எடுங்கள். அவற்றிலுள்ள சல்பேட் புதிய கான்கிரீட்டை அரிக்கும். ஈரத்தில் மக்கும் பொருள்களோடு புதைந்தால் நச்சுவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். பிறகு கதவு, ஜன்னல், கம்பி, மரம். கடைசியில் மிஞ்சும் செங்கல், காரை, கான்கிரீட்டைத்தான் உடைத்து நிரப்பவும் ஜல்லியாக்கவும் முடியும்.

உடைத்த கான்கிரீட்டை எங்கும் போட்டுவிடலாம் என்பதும் தவறு. அதில் ஊறி வரும் நீர் கடும் காரத்தன்மை கொண்டது. கிணறு, குளம், ஓடை பக்கத்தில் வேண்டாம். புதிய கான்கிரீட்டில் சேர்ப்பதற்கும் வரம்புண்டு. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 383இன் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் பெருஜல்லியில் 20 சதவீதம் வரை மறுசுழற்சி கான்கிரீட் ஜல்லியை அனுமதிக்கிறது.

மண்ணிலும் பிரிப்பு உண்டு. செடி வளரும் மேல்மண்ணை, ஏறத்தாழ 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை, முதலில் வழித்துத் தனியே குவியுங்கள். ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். குவியலை உயரமாக்கி அமுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. அதை அடிமண்ணோடு சேர்த்துப் பள்ளத்தில் தள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

படி 4: அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. நிலத்தில் 100 கன மீட்டராக இருக்கும் களிமண், தோண்டியதும் 120 முதல் 140 கன மீட்டர் வரை பொங்கும். அதையே அடுக்கடுக்காகப் போட்டு உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்தினால் மீண்டும் சுருங்கும். லாரிக் கணக்குக்குப் பொங்கிய அளவு வேண்டும். நிரப்பும் இடத்துக்குக் கெட்டிப்பட்ட அளவு வேண்டும். மண் எங்கே, எதற்கு, எவ்வளவு போகிறது என்று முன்கூட்டியே எழுதும் திட்டத்தில் எந்த அளவைச் சொல்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எழுதுங்கள்.

தேவைக்கு மேல் கொட்டிய மண்ணை, "தரையை உயர்த்தினோம்" என்ற பெயரில் கழிவைக் கொட்டியதாகவே அலுவலர்கள் பார்ப்பார்கள். வரைபடத்தில் உள்ள மட்டம் வரை எவ்வளவு தேவையோ அவ்வளவுதான்.

படி 5: மண் போய்ச் சேரும் இடத்தை உறுதிசெய்யுங்கள்

வேறு இடத்துக்கு அனுப்பினால் அந்த நிலத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். எவ்வளவு, எதற்கு, எப்போது என்பவை அதில் இருக்கட்டும். அந்த நிலத்தை உயர்த்த அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். ஏரி, ஈரநிலம், வெள்ள நீர் பரவும் தாழ்நிலம், வாய்க்கால் ஆகியவற்றை நிரப்பக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அங்கே நிரப்பும் ஒவ்வொரு லோடும் அடுத்த மழையில் வேறொருவர் வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளும்.

நீங்கள் மண் வாங்கும் பக்கத்தில் இருந்தாலும் இதே எச்சரிக்கை தேவை. இலவசமாக மண் தருகிறோம் என்று வருபவரிடம் அது எங்கே தோண்டியது, சோதனை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். தயங்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நச்சு மண் உங்கள் நிலத்தில் விழுந்துவிட்டால் அகற்றும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

படி 6: அனுப்புங்கள், பதிவுசெய்யுங்கள்

கழிவு என்று வகைப்படுத்தப்பட்டதை உரிமம் பெற்ற வண்டியில், உரிமம் பெற்ற நிலையத்துக்கு மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு நடைக்கும் தேதி, வண்டி எண், பொருள், எடைச்சீட்டு, பெற்றவர் கையொப்பம் வேண்டும். லாரியைத் தார்ப்பாயால் மூடுங்கள். புழுதி எழாமல் குவியலை நனையுங்கள். மழைநீரில் மண் வடிகாலுக்குள் போகாமல் சுற்றிலும் தடுப்பு வையுங்கள்.

தோண்டும்போது எதிர்பாராமல் எண்ணெய் வாடையோ, நிறம் மாறிய மண்ணோ, புதைத்த தகரப் பீப்பாயோ தென்பட்டால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். அந்த மண்ணைத் தனியே தார்ப்பாய் மேல் வைத்து மூடி, மீண்டும் சோதித்த பிறகே நகர்த்துங்கள். திட்டத்தில் அந்த மாற்றத்தையும் எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அங்கேயே பயன்படுத்திய அளவையும் வெளியே அனுப்பிய அளவையும் கூட்டி, தோண்டிய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு நேராகவில்லை என்றால் காரணத்தை அப்போதே கண்டுபிடியுங்கள்; லாரி ஓட்டுநர்களுக்கும் மேஸ்திரிக்கும் நினைவு பசுமையாக இருக்கும் நாள்கள் அவைதான். கணக்கோடு சோதனை அறிக்கை, ஒப்புதல் கடிதங்கள், சீட்டுகள், நிரப்பிய இடத்தின் ஒளிப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே கோப்பாக வையுங்கள். நிலத்தை விற்கும்போது அந்தக் கோப்பின் நகலை வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.