வடசென்னையில் விளையாட்டைப் பார்க்கவும் ஆடவும்

கால்பந்தை அருகிலிருந்து பார்க்க விரும்புவோர் ஞாயிறு காலையில் வியாசர்பாடி மைதானங்களுக்குச் செல்லலாம். ஆடவும் விருப்பமிருந்தால், ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் நேரில் கேட்பதே சிறந்தது. பெரிய போட்டிகளுக்கு, 1993-இல் திறக்கப்பட்ட நேரு விளையாட்டரங்கம் சென்ட்ரலுக்கு அருகில் உள்ளது. குத்துச்சண்டைக்கு ராயபுரம், காசிமேடு பக்கம் விசாரிக்கலாம்.

ஆனால் இப்பகுதியின் பெரும் பெருமை கேரம் என்பேன். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றவர். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றார். கேரம் மன்றத்தில், பலகைக்கு மேல் தொங்கும் விளக்கொளியில், பவுடர் தூவிய பரப்பில் ஸ்ட்ரைக்கர் வழுக்கிச் சென்று காயைத் தொடும் கோணத்தைச் சில மாலைகள் பேசாமல் கவனித்துவிட்டு, பிறகு ஆட அனுமதி கேளுங்கள். பெண்பிள்ளைகளையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். கைக்குப் பொருந்தும் ஸ்ட்ரைக்கர் ஒன்றை அவர்களுக்கெனத் தனியே வாங்கிக் கொடுங்கள்.