மலையில் ஆள் குறைவு: மாரியோவை முறையாகப் பழகும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஸ்விட்ச் கன்சோலில் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை கேமை ஆடுபவர்களுக்கு உள்ள பெரிய குறை எதிராளிகள் கிடைக்காததுதான். தம்பி, பக்கத்து வீட்டுப் பையன், லீவுக்கு வரும் சித்தப்பா மகன், அதோடு முடிந்தது. மாதக்கணக்கில் அதே மூன்று பேரோடு ஆடினால் அவர்களுடைய பழக்கங்கள் மனப்பாடமாகிவிடும். தம்பி விழுந்து எழுந்தால் எப்போதும் பின்பக்கம் உருளுவான் என்று தெரிந்து முன்கூட்டியே அங்கே போய் நிற்போம். கோயம்புத்தூருக்கு இறங்கி முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்போது அந்த மனப்பாடம் ஒன்றுக்கும் உதவாது.

ஆகவே மலையில் இருப்பவர்கள் ஆளைப் பார்த்துப் பழகக்கூடாது. தூரத்தையும் பர்சன்ட்டையும் பார்த்துப் பழக வேண்டும். பர்சன்ட் என்பது ஒருவர் இதுவரை வாங்கிய அடியின் அளவு. அது ஏற ஏற, அடி பட்டால் அதிக தூரம் பறப்பார். ஸ்டேஜுக்கு, அதாவது ஆடும் மேடைக்கு, வெளியே பறந்து போனால் சாவு. அதற்கு மாரியோவைவிட நல்ல கேரக்டர் கிடையாது. இந்த ஆட்டத்தில் மிக லேசான பிச்சுவின் எடை 62, மிகக் கனமான பவுசரின் எடை 135, மாரியோ 98. எறிய நெருப்புப் பந்து, திருப்பிவிட கேப் என்ற துணி, தள்ளிவிட தண்ணீர், எதிராளியைப் பிடிக்க நல்ல கிராப், வேகமான அடிகள் எல்லாம் உண்டு. ஆனால் தனியாக ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்கும் ஒரு அடி கிடையாது. எந்த நேரத்தில் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கத் தெரியாதவரை மாரியோ சாதாரணமாகத்தான் தெரிவார். அந்தத் தேர்வைக் கற்றுக்கொண்டால் வேறு எந்தக் கேரக்டருக்கு மாறினாலும் அது கூடவே வரும்.

முதலில் கன்ட்ரோலர் செட்டிங்

ஸ்டிக்கை மேலே தள்ளினால் குதிக்கும் வசதியை, அதாவது டாப் ஜம்ப்பை, முதல் வேலையாக ஆஃப் செய்யுங்கள். மாரியோவின் பாதி ஆட்டம் அப் டில்ட்டிலும் அப் ஏரிலும் இருக்கிறது. தரையில் ஸ்டிக்கை மெதுவாகச் சாய்த்து அடிப்பது டில்ட், வேகமாகத் தள்ளி அடிக்கும் பலமான அடி ஸ்மாஷ், காற்றில் அடிப்பது ஏர். முன்னால் வரும் அப், டவுன், ஃபார்வர்ட், பேக் எல்லாம் திசை, நியூட்ரல் என்றால் திசை இல்லாதது. டாப் ஜம்ப் ஆனில் இருந்தால் அப் டில்ட் கேட்ட இடத்தில் குதிப்பார், அப் ஏர் கேட்ட இடத்தில் இரண்டாவது ஜம்ப் வீணாகும். வலது ஸ்டிக்கை டில்ட்டுக்கு மாற்றிக்கொண்டால் அப் டில்ட் அடிப்பது இன்னும் சுலபம். ஸ்மாஷ் அடிகளைப் பட்டனிலேயே அடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஷார்ட் ஹாப், அதாவது குட்டிக் குதி. ஜம்ப் பட்டனை லேசாகத் தட்டி விடுவதுதான் முறை, ஆனால் ஆரம்பத்தில் பாதி தடவை முழு ஜம்ப் ஆகிவிடும். இரண்டு ஜம்ப் பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் எப்போதும் ஷார்ட் ஹாப்தான் வரும். குறுக்கு வழிதான், ஆனாலும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஷார்ட் ஹாப்பில் அடிக்கும் ஏர் அடிகளுக்கு டேமேஜ் 0.85 மடங்காகக் குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முழு ஜம்ப்பில் கொல்லும் பேக் ஏர், அதே பர்சன்ட்டில் ஷார்ட் ஹாப்பில் கொல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம் பஃபர். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. ஒரு அசைவு முடிவதற்கு 9 ஃபிரேம் முன்பே அழுத்திய பட்டனை ஆட்டம் பிடித்து வைத்துக்கொள்ளும். பதற்றத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் காற்றில் அடியைத் தவிர்க்கும் ஏர் டாட்ஜ் வேண்டாத நேரத்தில் வருவதும் வேண்டாத உருளலும் இதனால்தான் வருகின்றன. ஒரு முறை அழுத்துங்கள், கையை எடுங்கள்.

ஷீல்டிலிருந்து என்ன செய்வது

மாரியோ பழகுபவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஷீல்டு என்பது பட்டனைப் பிடித்திருக்கும்போது அடியைத் தடுக்கும் குமிழி. பலர் காம்போ (தொடர் அடி) வீடியோ பார்த்துவிட்டு நேராக, கிராப் செய்தவரைக் கீழே எறியும் டவுன் த்ரோவுக்குப் போய்விடுகிறார்கள், ஷீல்டுக்குள் மாட்டினால் என்ன செய்வதென்றே தெரிவதில்லை.

ஷீல்டை விட்டுவிட்டு அடிக்க நினைத்தால், ஷீல்டு இறங்கவே 11 ஃபிரேம் போய்விடும். அதனால் ஷீல்டைப் பிடித்தபடியே நேராகச் செய்ய முடிந்தவற்றைத்தான் நம்ப வேண்டும்: ஜம்ப், அப் ஸ்மாஷ், அப் பி (ஸ்டிக்கை மேலே தள்ளி பி பட்டன்), கிராப். மாரியோவின் அப் பி 3வது ஃபிரேமிலேயே அடிக்கும். ஷீல்டிலிருந்து அவரிடம் இதைவிட வேகமானது இல்லை. ஜம்ப்புக்கு எல்லாக் கேரக்டருக்கும் தரையிலிருந்து கிளம்ப 3 ஃபிரேம். நியூட்ரல் ஏர் 3வது ஃபிரேமில் அடிப்பதால் மொத்தம் 6. பேக் ஏர் 6வது ஃபிரேமில் அடிப்பதால் மொத்தம் 9. அப் ஸ்மாஷும் 9. ஷீல்டிலிருந்து போடும் கிராப் அதற்கும் மேலே, சுமார் 10.

இந்த எண்களை ஆட்டத்தில் இப்படிப் பயன்படுத்த வேண்டும். எதிராளி உங்கள் ஷீல்டில் மோதி உடம்போடு உடம்பாக நின்றால் அப் பி. கொஞ்சம் தாண்டி உங்கள் முதுகுப்பக்கம் இறங்கினால் பேக் ஏர். முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் பெரிய அடி ஒன்றைத் தவறவிட்டு நின்றால் கிராப், ஏனென்றால் அதிலிருந்துதான் அதிக லாபம். எட்டாத தூரத்தில் நின்றால் எதுவும் செய்யாமல் ஷீல்டோடு இருங்கள், அல்லது குதித்து விலகுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. அப் பி வேகமானது என்று தெரிந்ததும் ஒவ்வொரு ஷீல்டுக்கும் அதையே அடிப்பார்கள். அது படாமல் போனால் மாரியோ மேலே போய், எதுவும் செய்ய முடியாமல் தொங்கியபடி கீழே வருவார். எதிராளி கீழே நின்று முழு சார்ஜ் ஸ்மாஷோடு காத்திருக்கலாம். எதிராளியின் உடம்பு உங்கள் ஷீல்டைத் தொடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அழுத்துங்கள்.

இதைத் தனியாகப் பழக முடியாது. எதிரே உட்காரும் தம்பியிடம் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: ஒரு முறை ஒட்டி, ஒரு முறை தள்ளி, ஒரு முறை தாண்டி, மாற்றி மாற்றி உங்கள் ஷீல்டில் அடிக்கட்டும். ஸ்டாக் (உயிர்) கணக்கு வேண்டாம். சரியான பதிலைச் சரியான தூரத்துக்கு எடுக்கிறீர்களா என்பது மட்டும்தான் கணக்கு. மூன்று பேர் மட்டுமே உள்ள ஊரில் ஒருவரை இப்படிப் பயன்படுத்துவது, அவரோடு ஐம்பது மேட்ச் ஆடுவதைவிட மேல்.

பர்சன்ட் வாரியாக

டிரெய்னிங் மோடில் எதிராளியின் பர்சன்ட்டை நீங்களே வைக்கலாம். 0, 30, 60, 90, 120 என்று வைத்து ஒவ்வொன்றிலும் டவுன் த்ரோவுக்குப் பிறகு எது பிடிக்கிறது என்று பாருங்கள். பொதுவான வரைபடம் இது.

0 முதல் 30 வரை: கிராப், டவுன் த்ரோ, அப் டில்ட். அப் டில்ட் 5வது ஃபிரேமில் வரும், தலைக்கு மேலே வட்டமாக வீசும். குறைந்த பர்சன்ட்டில் எதிராளியை அதிக உயரம் தூக்காது என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று பிடிக்கும். கடைசியில் ஒரு அப் ஏர்.

30 முதல் 70 வரை: டவுன் த்ரோவுக்குப் பிறகு நேராக அப் ஏர், இறங்கி மறுபடி அப் ஏர். எதிராளி ஸ்டிக்கை வெளிப்பக்கம் பிடித்தால் தள்ளிப் பறப்பார். முதலில் பறக்கும் திசையைப் பாருங்கள், பிறகு குதியுங்கள். கிராப் செய்தவுடனே எந்தத் திசை என்று முடிவு செய்து குதிப்பவர்களிடம்தான் காம்போ அறுகிறது. முடிக்கும்போது கொல்ல வாய்ப்பில்லை என்றால் அப் பி போட்டு டேமேஜைச் சேர்த்துக்கொள்ளலாம்.

70க்கு மேல் காம்போக்கள் அறுந்துவிடும். பலர் அப்போதும் டவுன் த்ரோவையே போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த இடத்தில் மாரியோவின் வேலை மாறுகிறது. பேக் ஏரால் குத்தி விளிம்புப் பக்கம் தள்ளுவது, விளிம்பில் தொங்குபவரை எழவிடாமல் வைப்பது, வெளியே போனவரைக் கேப்பால் திருப்புவது.

100ஐத் தாண்டிவிட்டால் விளிம்பருகே பேக் த்ரோ, இறங்குமிடத்தில் அப் ஸ்மாஷ், தீப்பிழம்பின் நுனி படும்படி ஃபார்வர்ட் ஸ்மாஷ். கையை ஒட்டி அடித்தால் அந்த ஸ்மாஷின் பலம் குறைவு, நுனியில்தான் உயிர். 15வது ஃபிரேமில்தான் வரும் என்பதால் எதிராளி ஏதோ ஒன்றைத் தவறவிட்ட பிறகே எடுங்கள்.

எடைக்கேற்ப இந்த எண்கள் ஏறும், இறங்கும். பிச்சு, ஜிக்லிபஃப் போன்ற லேசான கேரக்டர்கள் சீக்கிரம் பறந்துவிடுவதால் காம்போ முன்கூட்டியே முடியும். பவுசரிடம் நீண்ட நேரம் பிடிக்கும், ஆனால் குறைந்த பர்சன்ட்டில் நெருப்புப் பந்து பட்டாலும் அவர் அசராமல் நடந்து வருவார். அதை நம்பி நெருங்காதீர்கள்.

ஸ்டேல் கணக்கையும் விட்டுவிடக்கூடாது. கடைசியாகப் பட்ட 9 அடிகளை ஆட்டம் கணக்கில் வைத்திருக்கும். அதே அடி திரும்பத் திரும்ப வந்தால் டேமேஜும் தள்ளும் பலமும் குறையும். பேக் ஏரால் கொல்ல நினைப்பவர் மேட்ச் முழுக்கப் பேக் ஏரே அடித்தால் 130லும் எதிராளி சாக மாட்டார். அப் டில்ட்டும் ஃபார்வர்ட் டில்ட்டும் எதற்கு இருக்கின்றன?

விளிம்பும் வெளியும்

கேப் படும் எதிராளி முகம் திரும்பிவிடுவார். திசை பார்த்துப் பறக்கும் அப் பி உள்ளவர் திரும்பி வருகையில் கேப் பட்டால், அவர் ஸ்டேஜுக்கு எதிர்ப்பக்கம் பறந்து போவார். தண்ணீர் டேமேஜே கொடுக்காது, ஆனால் வெளியே இருந்து வருபவரை ஒரு கை தள்ளினால் விளிம்பு எட்டாமல் போகும். நேரம் கிடைக்கும்போதெல்லாம் சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஷீல்டால் நடுவில் நிறுத்தலாம், சேர்ந்த அளவு அப்படியே இருக்கும்.

ஃபார்வர்ட் ஏரின் சரியான இடம் பட்டால் எதிராளி நேராகக் கீழே போவார். அது 16வது ஃபிரேமில்தான் தொடங்குகிறது. ஆள் வரும் இடத்தைக் கணித்து முன்பே குதித்திருக்க வேண்டும், பார்த்த பிறகு அழுத்தினால் தாமதம்.

உங்கள் சொந்தத் திரும்புதலில் மாரியோ பலவீனமானவர். அப் பி உயரம் போகும், பக்கவாட்டில் அதிகம் போகாது. இரண்டாவது ஜம்ப் போய்விட்டால் பெரும்பாலும் உயிரும் போய்விடும், எனவே அடி வாங்கியதும் அதை அழுத்தும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விடுங்கள். காற்றில் முதல் முறை போடும் கேப் விழும் வேகத்தைச் சற்று நிறுத்தும். அதைக் கொண்டு எதிராளியின் நேரத்தைக் குழப்பலாம்.

வாளோடு வருபவர்கள்

லூசினா, கிளவுட், ஐக் மூவரிடமும் மாரியோவின் கை எட்டாது. ஓடிப்போய் அடித்தால் வாளில்தான் போய் விழுவீர்கள். நடந்து போய் ஷீல்டு, நடந்து போய் ஷீல்டு, அவர்கள் வாள் வீசி முடிந்த இடைவெளியில் உள்ளே. உள்ளே போனபின் ஜேப் (ஸ்டிக் இல்லாமல் பட்டன் மட்டும் தட்டும் அடி) 2வது ஃபிரேம், டவுன் டில்ட் 5வது ஃபிரேம். அந்தத் தூரத்தில் வாள் மெதுவானது. சேமஸ், லிங்க் போல எறிபவர்களிடம் கேப் திருப்பிவிடும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேப் போட்டால் அதைத் தூண்டிவிட்டே பிடிப்பார்கள். குதித்தும் தாண்டலாம், ஷீல்டிலும் வாங்கலாம்.

குளிரும் கரண்டும் லேகும்

டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழுகிறது. விரல் விறைத்தால் ஷார்ட் ஹாப் முதலில் போகும், அதற்கடுத்து அப் டில்ட் ஸ்மாஷாக மாறும். ஆட உட்காரும் முன் வெந்நீர் டம்ளரைப் பிடித்துக் கையைச் சூடாக்குங்கள். விரல்நுனி திறந்த கம்பளிக் கையுறையும் உதவும். கன்ட்ரோலரை ஈரமான சுவரோரம் வைக்காதீர்கள், மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

டிவியில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை அழகாக்கும் வேலைகள் நிற்கும், தாமதம் குறையும். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி செகண்ட். டிவி மூன்று ஃபிரேம் தாமதித்தால் 3வது ஃபிரேம் அப் பியின் அருமை பாதி போய்விடும்.

ஆன்லைனில் இந்த ஆட்டம் எதிராளியின் இணைப்போடு நேரடியாகச் சேரும், தூரம் கூடினால் பட்டனின் தாமதமும் கூடும். வைஃபையைவிட லேன் கேபிள் நல்லது. ஓஎல்இடி ஸ்விட்சின் டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கும் பெட்டியில், லேன் போர்ட் உண்டு, பழைய டாக்கில் யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் லைன் போய்ப் போய் வரும் நாட்களில் ஆன்லைனை நம்பாமல் ஷீல்டுப் பயிற்சிக்கு உட்காருங்கள். கரண்ட் போனாலும் ஸ்விட்சை டாக்கிலிருந்து எடுத்துக் கையிலேயே டிரெய்னிங் மோடை ஓட்டலாம்.

ஊருக்கு வெளியே புது ஆட்களோடு ஆடும்போது, தோற்ற ஒவ்வொரு மேட்சின் ரீப்ளேயையும் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது நீங்கள் செத்த மூன்று இடங்களில் மட்டும் நிறுத்தி, அதற்கு முன் எந்தத் தூரத்தில் நின்றீர்கள், எதிராளி எத்தனை பர்சன்ட்டில் இருந்தார், என்ன அழுத்தினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை தம்பியை உட்கார வைக்கும்போது அந்த மூன்றையும் அவரைச் செய்யச் சொல்லுங்கள்.