மணப்பெண் அறைப் படங்கள்: முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்

கல்யாணக் காலையில் பெண்ணைப் படம் எடுப்பது எப்படி என்று எந்த வீடியோவைப் பார்த்தாலும், "ஜன்னல் ஓரமாக நிறுத்துங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பதினோரு மணிக் கல்யாணத்துக்கு அது சரி. நம் ஊரில் ஆறு டு ஏழரை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே மேக்கப் ஆரம்பித்துவிடும். தை மாதத்தில் சூரியன் வரவே ஆறரை ஆகிறது. அதற்குள் பெண் மணவறையில் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டும் ஜெனரேட்டர் சத்தமும்தான்.

என் அக்கா கல்யாணத்தில் இந்தப் பொறுப்பை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். அக்காவின் ஒரு கன்னம் ஆரஞ்சாகவும் இன்னொரு கன்னம் லேசான பச்சையாகவும் வந்தது. அரக்குப் பட்டு ஒரு படத்தில் செங்கல் நிறம், அடுத்ததில் காப்பிப் பொடி. இன்றைக்கும் ஆல்பத்தைக் காட்டும்போது அந்த நாலு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். போன தையில் சித்தி மகள் கல்யாணத்தில்தான் எனக்கு இது பிடிபட்டது.

முதல் நாள் ராத்திரி

எல்லாரும் ரிசப்ஷன் பந்தியில் இருக்கும்போது மணமகள் அறைக்குப் போய்விடுங்கள். அறை முழுவதையும் ஒழுங்கு செய்ய நினைக்காதீர்கள், முடியாது. பதினாலு பேருடைய பெட்டிகள், சீர்த்தட்டு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அங்கேதான் இருக்கும். கண்ணாடி இருக்கும் மூலையை மட்டும் காலி செய்யுங்கள். கண்ணாடியில் எது தெரிகிறது என்றும் பாருங்கள். நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் கதவில் தொங்கிய ஈரத் துண்டைக் கோட்டைவிட்டேன்.

வெளிச்சம்

நான் விழுந்த குழி இது. மண்டப அறைகளில் கூரையில் வெள்ளை டியூப்லைட், கண்ணாடியைச் சுற்றி மஞ்சள் பல்பு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள். டியூப்லைட் 6500 கெல்வின் அளவு, மஞ்சள் பல்பு 3000 கெல்வின் அளவு. நம் கண் இரண்டையும் சமாளித்துவிடும். கேமராவால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சரியான வெள்ளையாகக் காட்ட முடியும். அதற்கு ஏற்றாற்போல மற்றது நிறம் மாறித் தெரியும். பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்று நானும் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். ஒரு கன்னத்தைச் சரிசெய்தால் மறு கன்னம் கெடும்.

வழி ஒன்றுதான், ஒரே நிற வெளிச்சம். எலெக்ட்ரிக் கடையில் 'நேச்சுரல் ஒயிட்' என்று கேட்டால் 4000 கெல்வின் எல்இடி பல்பு கிடைக்கும். ஒரே கம்பெனி, ஒரே வாட்டில் வாங்குங்கள். கண்ணாடியில் இருக்கும் பல்பு பின் வைத்ததா, திருகுவதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டி, டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். கேமராவிலோ போனின் புரோ மோடிலோ ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் செட்டிங்கை, 4000-இல் நிறுத்துங்கள்.

மேக்கப் அக்கா சண்டைக்கு வருவார். "லைட்டை அணைச்சா நான் எப்படிம்மா மை போடறது?" என்று எங்களிடமும் கேட்டார். மேக்கப் முடியும்வரை டியூப்லைட் எரியட்டும். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் உங்களுக்கு என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தொல்லை சுவர். ரோஸ் கலர் டிஸ்டெம்பர் அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த நிறம் முகத்தில் விழும். நான் மாமாவின் எட்டு முழ வெள்ளை வேட்டியை வாங்கி, ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிவரை கொடி கட்டித் தொங்கவிட்டேன். பெண்ணுக்கு இரண்டடி தள்ளி, கண்ணாடிக்கு எதிர்ப்பக்கம். அவ்வளவுதான், ஜிமிக்கிக்குக் கீழே கழுத்தில் அப்பியிருந்த இருட்டு கரைந்துவிட்டது. கரை அகலமான வேட்டி வேண்டாம்.

ரிங் லைட் எனக்குப் பிடிக்காது. கண்ணுக்குள் வளையம் தெரியும், மூக்கு நுனி எண்ணெய் வழிகிற மாதிரி மினுங்கும்.

எடுக்கும்போது

போன் என்றால் 0.5 பக்கமே போகாதீர்கள், ஓரத்தில் இருப்பவர்கள் முகம் இழுபட்டுவிடும். இரண்டு அடி பின்னால் போய் 2 எக்ஸில் எடுங்கள். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள், நெற்றிச்சுட்டியின் கல் வேலையைக்கூட அது மழுப்பிவிடுகிறது. கேமரா வைத்திருந்தால் 35 எம்எம் போதும். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் பல்பு துடிக்கிறது என்று அர்த்தம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்.

பூஜடையை முதலில் எடுங்கள். பெண் ஒருமுறை நாற்காலியில் சாய்ந்தால் பூ நசுங்கிவிடும். ராக்கொடியிலிருந்து குஞ்சலம்வரை, முதுகுப் பக்கம் நிற்கவைத்து ஒரு படம். புடவை கட்டும் நேரத்தில் கேமரா பைக்குள் போய்விட வேண்டும், யார் கேட்டாலும்.

மேடையில் கூரைப்புடவையைத் தட்டில் வாங்கிக்கொண்டு பெண் திரும்பி ஓடிவருவாள். கட்டி முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான், வெளியே "நேரமாச்சு" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்போது போஸ் கேட்டால் திட்டு வாங்குவீர்கள். கடைசி ஊக்கு குத்தும் கையை மட்டும் எடுத்தேன். அந்தத் தொகுப்பிலேயே சித்திக்குப் பிடித்தது அதுதான்.

பிறகு சேர்த்தது

ஏசி அறையிலிருந்து மண்டபத்துக்குப் போனதும் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் நடந்தது, மாலை மாற்றுவது பாதிப் பனிமூட்டம். துடைத்தால் மறுபடி படியும். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிடுங்கள், அந்தச் சூட்டுக்குப் பழகட்டும்.

இன்னொன்று, கழற்றிய மஞ்சள் பல்புகளை மறக்காமல் திரும்ப மாட்டிவிடுங்கள். சாவி வாங்கும்போது மண்டபத்து மேனேஜர் எண்ணிப் பார்க்கிறார்.