லாக் ஆகாத ரேடியோ: சிப்பை மாற்றுமுன் கண்ட்ரோல் வோல்டேஜைப் பாருங்கள்

இருவழிப் பேச்சு ரேடியோ செட்டில் சேனல் மாற்றியதும் பீப் ஒலி நிற்காமல் வரும். திரையில் ஃபிரீக்வென்சி மின்னும், அல்லது அந்த இடத்தில் வெறும் புள்ளிகள்தான் இருக்கும். பிடிடியை (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) அழுத்தினால் பவர் வராது. பிஎல்எல் (ஆசிலேட்டரை ஒரு நிலையான ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு, சரியான ஃபிரீக்வென்சியில் பிடித்து வைக்கும் லூப்) லாக் ஆகவில்லை என்பதற்கு இவைதான் அறிகுறிகள். தப்பான ஃபிரீக்வென்சியில் ஒலிபரப்பாகிவிடக் கூடாது என்று அந்த நேரத்தில் ரேடியோவே டிரான்ஸ்மிட்டரை அடைத்துவிடும். அதனால் பவர் இல்லையே என்று ஃபைனல் டிரான்சிஸ்டரில் கை வைக்க வேண்டாம். ஃபிரீக்வென்சி சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்பது வேறு கதை. அங்கே லாக் இருக்கிறது, ரெஃபரன்ஸ் ஆசிலேட்டர்தான் விலகியிருக்கிறது.

மூடியைத் திறக்குமுன் இரண்டு விஷயம். புரோகிராம் செய்த ஃபிரீக்வென்சி அந்த மாடலின் பேண்டுக்குள் இருக்கிறதா? 136–174 மெகாஹெர்ட்ஸ் செட்டில் 180-ஐப் போட்டுவிட்டு, பழுது என்று கொண்டுவருபவர்கள் உண்டு. அடுத்து சப்ளை. 50 வாட் மொபைல் செட் டிரான்ஸ்மிட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, பிடிடி அழுத்தியபடி வோல்டேஜை ரேடியோவின் டெர்மினலிலேயே அளங்கள். சப்ளை யூனிட்டின் மீட்டர் 13.8 காட்டும், மெல்லிய வயரைத் தாண்டி வருவது 11-கூட இருக்காது. பிடிடி அழுத்தும்போது மட்டும் லாக் விடுகிறது என்றால் பாதி நேரம் காரணம் இதுதான்.

ரிசீவ், டிரான்ஸ்மிட் இரண்டிலும் லாக் இல்லையா, ஒன்றில் மட்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல செட்களில் இரண்டுக்கும் தனித்தனி விசிஓ (கண்ட்ரோல் வோல்டேஜுக்கு ஏற்ப ஃபிரீக்வென்சி மாறும் ஆசிலேட்டர்) உண்டு. ரெஃபரன்ஸும் பிஎல்எல் சிப்பும் பொது. ஒன்று மட்டும் வேலை செய்தால் பொதுவான பகுதி நலம். செத்த விசிஓவையும் அதற்கு சப்ளை கொடுக்கும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் பார்த்தால் போதும்.

இனி மீட்டர். சர்வீஸ் மேனுவலில் சிவி என்றோ விடி என்றோ குறித்திருக்கும் டெஸ்ட் பாயிண்டில் கண்ட்ரோல் வோல்டேஜை அளக்க வேண்டும். 10 மெகாஓம் இன்புட் உள்ள டிஜிட்டல் மீட்டர் வேண்டும். முள் மீட்டர் லூப்பைப் பாரமாக்கி, நல்ல செட்டையும் லாக் விடச் செய்துவிடும். புரோப் நுனியில் 100 கிலோஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் இன்னும் நல்லது. அளவு ஒரு சதவீதம்தான் குறையும்.

லாக் ஆன செட்டில் இந்த வோல்டேஜ் நடுவில் எங்காவது அசையாமல் நிற்கும், சேனல் மாற்றினால் மாறும். லாக் ஆகாத செட்டில் பெரும்பாலும் ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். எந்த ஓரம் என்பதில்தான் விடை இருக்கிறது. உச்சத்தில் நின்றால், விசிஓ ஃபிரீக்வென்சி குறைவு என்று சிப் நினைத்து மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது: விசிஓ ஓடவில்லை, அல்லது ஓடியும் அதன் சிக்னல் பிரிஸ்கேலருக்கு (அந்த ஃபிரீக்வென்சியை முதலில் வகுக்கும் பகுதி) வந்து சேரவில்லை. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ரெஃபரன்ஸ் நின்றுபோயிருக்கலாம், அல்லது அந்த லைன் எங்கோ கிரவுண்டுக்குக் கசிகிறது. சிப்புக்கும் விசிஓவுக்கும் இடையில் கண்ட்ரோல் வோல்டேஜைச் சீராக்கும் லூப் ஃபில்டர் ஆக்டிவ் வகையாக உள்ள சில டிசைன்களில் திசை தலைகீழாகும், மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் தீர லூப்பைத் திறக்கலாம். வேரக்டருக்கு (வோல்டேஜைக் கொண்டு விசிஓவை டியூன் செய்யும் டயோடு) போகும் ரெசிஸ்டரின் சிப் பக்க முனையைத் தூக்கிவிட்டு, அங்கே 10 கிலோஓம் வழியாக பெஞ்ச் சப்ளையிலிருந்து 1 முதல் 7 வோல்ட் வரை மெல்ல ஏற்றுங்கள். கவுண்டரிலோ பக்கத்தில் வைத்த ஸ்கேனரிலோ விசிஓவைக் கவனியுங்கள். எங்கே தேடுவது? ரிசீவில் 150 மெகாஹெர்ட்ஸ், ஐஎஃப் (ரிசீவரின் இடைநிலை ஃபிரீக்வென்சி) 21.4, லோ சைடு இன்ஜெக்ஷன் (விசிஓ அந்த அளவு கீழே ஓடுவது) என்றால் 128.6-இல். விசிஓ அந்த இடத்தைத் தாண்டிச் சீராக நகர்ந்தால் விசிஓ குற்றமற்றது. ரெஃபரன்ஸ், சிப், டேட்டா பக்கம் போங்கள். நகரவில்லை என்றாலோ நடுவில் நின்றுபோனாலோ விசிஓவை மூடியிருக்கும் உலோகக் கேனைத் திறங்கள்.

கேனுக்குள் முதல் சந்தேகம், காயில்கள் அதிராமல் இருக்கப் பூசிய பசை மேல். வெளிர் மஞ்சளாக இருந்த பசை வருடக்கணக்கான சூட்டில் பழுப்பாகி, மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் தொல்லை கூடினால் சந்தேகமே வேண்டாம். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். காயில் சுற்று நசுங்கினால் ஃபிரீக்வென்சியே மாறிவிடும், அவசரம் வேண்டாம். பிறகு விசிஓவுக்கு சப்ளை தரும் ரிப்பிள் ஃபில்டர் டிரான்சிஸ்டரில் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள்.

கசிவுக்கு, பவரை அணைத்துவிட்டு சிவி லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளங்கள். சில பத்து கிலோஓம் காட்டினால் லூப் ஃபில்டரின் எலக்ட்ரோலிட்டிக் அல்லது டாண்டலம் கப்பாசிட்டர், இல்லையேல் வேரக்டர். கப்பாசிட்டரை மாற்றும்போது எக்ஸ்7ஆர் செராமிக் போடாதீர்கள். தட்டினால் அது வோல்டேஜ் உண்டாக்கி ஆடியோவில் கேட்கும். ஃபிலிம் வகை நல்லது.

ரெஃபரன்ஸ் பக்கத்தில், கிரிஸ்டல் அல்லது டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாற்றத்தை ஈடுகட்டும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) அவுட்புட்டை 10:1 புரோப் வைத்து ஸ்கோப்பில் பாருங்கள். 12.8 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸை 2560-ஆல் வகுத்தால் 5 கிலோஹெர்ட்ஸ், விசிஓவின் 128.6-க்கு அதன் பக்க டிவைடர் 25,720. இந்த எண்களை மைக்ரோகண்ட்ரோலர் கிளாக், டேட்டா, லேட்ச் லைன்களில் அனுப்பும். சேனல் மாற்றும் கணத்தில் மூன்றிலும் துடிப்புகள் தெரிய வேண்டும். ரெஃபரன்ஸும் சப்ளையும் சரி, துடிப்புகள் வருகின்றன, விசிஓ சிக்னலும் சிப் காலில் இருக்கிறது, ஆனாலும் லாக் இல்லை என்றால்தான் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

பழுது தீர்ந்ததும் அலைன்மெண்ட். செராமிக் நுனி டூலால் விசிஓ டிரிம்மரைத் திருப்பி, பேண்டின் மேல்முனையில் மேனுவல் சொல்லும் சிவியை வையுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் கிட்டே வந்தாலே ஃபிரீக்வென்சி நகரும். கேன் மூடி இறுக்கமாக இருக்கும்போது அளந்ததே செல்லும். பிறகு கீழ்முனைக்குப் போய், சிவி மேனுவலின் கீழெல்லைக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பை ஒட்டி நின்றால் குளிரிலோ சூட்டிலோ மறுபடி லாக் விடும். ஃப்ரீஸ் ஸ்பிரேயும் ஹேர் டிரையரும் வைத்து இரண்டு முனைகளிலும் சோதித்த பிறகு கேபினெட்டை மூடுங்கள்.